புதுச்சேரியின் பழைய கதவுகளைப் படமெடுக்கப் போகிறீர்களா?

சனி, ஞாயிறு காலையில் ஒயிட் டவுனில் ஒரு நடை நடந்து பாருங்கள். ஒரு மஞ்சள் சுவரின் முன்னால் கல்யாண ஜோடி, அடுத்த சுவரின் முன்னால் ரீல்ஸ், அதற்கடுத்து கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம். எல்லார் முதுகுக்குப் பின்னாலும் ஒரு கதவு இருக்கும். அதை யாரும் சீண்டுவதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கதவுக்காக வருகிறவர்களுக்கு: நிலை, குமிழ், சன்னல், சுதை வேலை என்று பழைய வீட்டின் முகத்தைப் படமெடுக்க ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு.

காமிராவைப் பற்றிய கவலையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நல்ல கதவுப் படத்துக்கு முதலில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தக் கதவு எந்தத் திசை பார்க்கிறது என்பது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் நடை: வெறுங்கையோடு

ஊரின் அமைப்பு எளிது. பெரிய வாய்க்கால் நகரை இரண்டாகப் பிரிக்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரை வரை பிரெஞ்சுப் பகுதி, அதாவது ஒயிட் டவுன். மேற்கே தமிழர் பகுதி. தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேர்நேராக ஓடும். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டச்சுக்காரர்கள் சில வருடம் ஊரைக் கையில் வைத்திருந்தபோது வரைந்த திட்டம் அது என்பார்கள். படமெடுப்பவருக்கு இந்தக் கட்டம் பெரிய வரம். ஒரு தெருவின் திசை தெரிந்தால், அதிலுள்ள எல்லாக் கதவுகளின் திசையும் தெரிந்துவிடும்.

இரண்டு பகுதியிலும் வீட்டின் முகமே வேறு. பிரெஞ்சுப் பக்கம் தெருவில் நின்றால் பெரும்பாலும் உயரமான மதிற்சுவரும், அதில் பெரிய வாயிலும்தான் தெரியும். வீடு உள்ளே தோட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும். வாயிலின் இரு பக்கமும் சுதைத் தூண், மேலே வளைவோ முக்கோண முகப்போ, சன்னல்களில் சாய்வாகச் சட்டம் அடுக்கிய மரக்கதவுகள். தமிழ்ப் பக்கம் வீடு தெருவுக்கே வந்து நிற்கும். மரக்கால்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதற்குள் திண்ணை, அதற்கும் உள்ளே நிழலில் செதுக்கு வேலை செய்த தேக்கு நிலை. நிலையின் மேல்கட்டையில் கஜலட்சுமி, பக்கக் கட்டைகளில் கொடியும் தாமரையும். சில வீடுகளில் கீழ்த்தளம் இப்படி இருக்க, மாடி மட்டும் பிரெஞ்சு பாணித் தூண்களும் வளைவுச் சன்னல்களுமாக இருக்கும். இரண்டு உலகமும் ஒரே முகப்பில் கிடைக்கிற அந்த வீடுகளைத் தவறவிடாதீர்கள். அந்தக் கலவைக்குப் பழைய உதாரணம் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிற ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து நாட்குறிப்பு எழுதினாரே, அவருடைய வீடு. 1738-ல் கட்டியது. 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளியபோது தப்பிய மிகச் சில கட்டடங்களில் ஒன்று. இன்று நாம் பார்க்கும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை, 1765-ல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பிய பிறகு எழுந்தவை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், புதிதாக வருகிறவர்கள் தமிழ்ப் பக்கத்திலிருந்து தொடங்குவதே நல்லது. செதுக்கு வேலை அதிகம், கூட்டம் குறைவு, கதவுக்கும் தெருவுக்கும் நடுவே மதில் கிடையாது. மிஷன் வீதியிலிருந்து மகாத்மா காந்தி வீதி நோக்கிப் போகும் வைசியாள் வீதியில் முதல் நடையை நடங்கள். வரிசையாகப் பழைய முகப்புகளைச் சீர்செய்து காப்பாற்றிய தெரு அது. அந்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. அப்புறம் ஈஸ்வரன் கோவில் வீதி. தெற்கே முல்லா வீதிப் பக்கம் முஸ்லிம் மக்கள் வாழும் தெருக்களில் கதவும் சன்னலும் இன்னொரு விதம். பிரெஞ்சுப் பக்கத்தில் டுமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுப்ரேன் வீதி மூன்றும் போதும்.

முதல் நடையில் படமெடுக்க வேண்டாம். கையில் சின்ன நோட்டு, இல்லையென்றால் போனில் குறிப்பு. பிடித்த கதவைக் கண்டதும் நான்கு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: தெருவின் பெயர், கதவு பார்க்கும் திசை, எதிரே என்ன இருக்கிறது, முன்னால் என்ன மறைக்கிறது. மூன்றாவது ஏன் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். நான்காவது பெரும்பாலும் ஒரு ஸ்கூட்டி.

வெளிச்சம்

கடல் கிழக்கே இருக்கிறது. அதனால் காலை வெயில் தடையில்லாமல் ஊருக்குள் வரும். டுமாஸ், ரோமன் ரோலண்ட் மாதிரி வடக்கு தெற்காக ஓடும் தெருக்களில், மேற்கு வரிசை வீடுகள் கிழக்கு பார்த்தவை. அவற்றுக்குக் காலை. எதிர்வரிசைக்குப் பிற்பகல். தெரு அகலமில்லாததால் வெயில் எதிர் வீட்டு மாடியைத் தாண்டிய பிறகுதான் கதவுக்கு இறங்கும். சூரியன் ஆறேகாலுக்கு உதித்தாலும் கதவின் அடிப்படியை வெயில் தொட ஏழரை ஆகிவிடலாம். எந்தக் கதவுக்கு எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதை அந்த நோட்டில் குறித்து வைத்தால் அடுத்த வருகையில் அலைச்சல் மிச்சம்.

வைசியாள் வீதி கதையே வேறு. அது கிழக்கு மேற்காக ஓடுகிறது. வீடுகள் வடக்கும் தெற்கும் பார்த்தவை. இங்கே மணியைவிட மாதம் முக்கியம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தெற்கு பார்த்த வரிசைக்கு நாள் முழுக்க வெயில், வடக்கு பார்த்த வரிசைக்கு நாள் முழுக்க நிழல். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நிலைமை தலைகீழ். உச்சிப் பொழுதில் சூரியன் நம் தலைக்கும் வடக்கே போய்விடுவதால், வடக்கு பார்த்த சுவர்களுக்கு அப்போதுதான் நேர் வெயில். ஒரு வடக்கு வாசலைப் பளிச்சென்ற வெயிலில் எடுக்க ஆசையென்றால் ஜூன் மாதம் வாருங்கள். கூடவே தொப்பியும் தண்ணீரும் கொண்டு வாருங்கள்.

செதுக்கு வேலைக்கு என்ன வெளிச்சம் வேண்டும்? நேர் எதிரிலிருந்து அடிக்கும் வெயிலில் செதுக்கல் தட்டையாகிவிடும். பக்கவாட்டிலிருந்து மரத்தை உரசிக்கொண்டு போகிற வெயிலில்தான் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு நிழல் விழும். டிசம்பர், ஜனவரியில் காலை எட்டு, எட்டரை வாக்கில் தெற்கு பார்த்த சுவர்களில் வெயில் கிழக்கேயிருந்து சாய்ந்து இப்படித்தான் உரசும். சுதைப் பூக்களும் தூண்களின் தலைப்பகுதியும் அப்போது எழுந்து நிற்கும்.

ஆனால் தமிழ்ப் பகுதியின் நல்ல கதவுகள் பலவற்றுக்கு நேர் வெயிலே கிடையாது. தாழ்வாரம் மறைத்துவிடும். இதைப் பார்த்துப் பலரும் வெளிச்சம் இல்லை என்று நகர்ந்துவிடுகிறார்கள். நகராதீர்கள். திரும்பி எதிர் வீட்டைப் பாருங்கள். எதிர்ச் சுவரில் வெயில் அடிக்கும் நேரத்தில் அந்தச் சுவரே விளக்காகிவிடும். அதிலிருந்து திரும்பும் மெத்தென்ற வெளிச்சம் தாழ்வாரத்துக்குள் தாழ்ந்து புகுந்து, நிலையின் மேல்கட்டை வரை ஏறும். நேர் வெயிலில் கிடைக்கும் கறுப்பு நிழலும் இல்லை, மரத்தின் நிறமும் வெளிறாது. நோட்டில் மூன்றாவதாக எதிரே என்ன என்று எழுதச் சொன்னது இதற்காக. எதிரே வெள்ளைச் சுவர் என்றால் யோகம். மஞ்சள் சுவர் என்றால் கதவும் மஞ்சளடித்து வரும், காமிராவின் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) நீங்களே சரிசெய்ய வேண்டும். பச்சைத் தார்ப்பாய் கட்டிய கடை என்றால் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

மேகமூட்டமான நாளை வீணென்று நினைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நடுவே மழை விட்ட அரைமணி நேரம் பொன்னான நேரம். நனைந்த தேக்கும் நனைந்த சுண்ணாம்புச் சுவரும் நிறம் கூடித் தெரியும். சாயங்காலத்தில் தெருவிளக்கு எரிந்த பிறகு வானம் இன்னும் நீலமாக இருக்கும் கால்மணி நேரமும் அப்படித்தான், முக்கியமாகப் பிரெஞ்சுப் பகுதி வாயில்களுக்கு.

நடுப்பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை? சாப்பிட்டுத் தூங்குங்கள். ஊரே அதைத்தான் செய்யும்.

எங்கே நிற்பது

கதவுப் படத்தில் உடனே கண்ணை உறுத்துவது கோணல். நிலை மேலே போகப் போகக் குறுகி, வீடு பின்னால் சாய்வதுபோல் தெரியும். காமிராவை அண்ணாந்து பிடிப்பதால் வருவது இது. தமிழ் வீடுகளில் கதவு திண்ணை உயரத்தில் நிற்பதால் தெருவிலிருந்து யாராக இருந்தாலும் அண்ணாந்துதான் பிடிக்கத் தோன்றும். போனை உங்கள் தலை உயரத்துக்குத் தூக்கி, கதவின் பாதி உயரம் எதுவோ அதற்கு நேராகப் பிடியுங்கள். போன் சுவருக்கு இணையாக இருக்க வேண்டும், முன்னாலும் பின்னாலும் சாயக் கூடாது. காமிரா அமைப்பில் கட்டக் கோடுகளை இயக்கிவிட்டு, நிலையின் இரண்டு பக்கக் கட்டைகளையும் அந்தக் கோடுகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது வாசற்படி. அது படத்தில் சரிவாக வந்தால் நீங்கள் கதவுக்கு நேர் நடுவில் நிற்கவில்லை என்று அர்த்தம். அரை அடி நகர்ந்தால் சரியாகிவிடும்.

தூரத்தை மிச்சப்படுத்த, போனின் அகலக் கோணமான 0.5 எக்ஸ் பக்கம் போகவே போகாதீர்கள். ஓரங்கள் இழுபட்டு, நேரான தூணும் வில்லாகும். முடிந்தவரை பின்னால் போய் 2 எக்ஸ் வைத்து எடுப்பதுதான் கட்டடங்களுக்கு அழகு. நான்கு மீட்டர் உயர முகப்பைப் போனைச் செங்குத்தாகப் பிடித்து 2 எக்ஸில் அடக்க, சுமார் 6 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 1 எக்ஸ் என்றால் 3 மீட்டர் போதும். அதாவது 2 எக்ஸ் என்றால் பெரும்பாலும் எதிர்ச் சுவரில் முதுகு முட்டும் வரை போக வேண்டியிருக்கும். அங்கேயும் இடம் பற்றவில்லையென்றால் முழு முகப்பு ஆசையை விட்டுவிட்டு, நிலை மட்டும், அதன் மேல்கட்டை மட்டும் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். தனிக் காமிரா வைத்திருப்பவர்களுக்கு 35 முதல் 50 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 8 வாக்கில் துளை, அவ்வளவுதான்.

பின்னால் நகரும்போது ஒரு எச்சரிக்கை. மிஷன் வீதியிலும் காந்தி வீதியிலும் வண்டிகள் நிற்காமல் வரும். கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடக்கக் கூடாது. கூட ஒருவர் வந்தால் நல்லது.

வெள்ளைச் சுண்ணாம்பும் இருட்டுக் கதவும் ஒரே படத்தில் வரும்போது போன் குழம்பும். கதவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். பிறகு வெள்ளைச் சுவரில் விவரம் தெரிகிற வரை வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். இருட்டை வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். வெந்து வெளுத்த வெள்ளையை மீட்க முடியாது.

ஸ்கூட்டி, மின் மீட்டர் பெட்டி, தொங்கும் கேபிள் ஒயர் இவற்றை என்ன செய்வது? ஸ்கூட்டி போகும் வரை காத்திருக்கலாம். மீட்டர் பெட்டி போகாது. அதை மென்பொருளில் அழிக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஆள் குடியிருக்கும் வீடு என்பதற்கு அதுதான் அத்தாட்சி. சட்டகத்தின் ஓரத்தில் பாதியாக வெட்டுப்படாமல், முழுதாக உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முழுசாக இருக்கட்டும், இல்லையென்றால் சுத்தமாக வேண்டாம்.

கிட்டப் போனால்

முழுக் கதவை எடுத்த பிறகு, கதவு அனுமதித்தால் நெருங்குங்கள். பித்தளைக் குமிழ்கள், நாதாங்கி, தொங்கும் சங்கிலி, கை பட்டுப் பட்டு வழவழத்த வளையம், கதவு திரும்பும் கீல். வெள்ளிக்கிழமை காலையில் நிலையின் அடியில் புதிதாகப் பூசிய மஞ்சளும் குங்குமமும் பளிச்சென்று இருக்கும். மேலே மாவிலைத் தோரணம். வியாழக்கிழமை போனால் அதே நிலையில் பழைய மஞ்சளின் தடம்தான் கிடைக்கும். மரத்தின் வெடிப்புக்குள் இறங்கிக் காய்ந்த அந்த மஞ்சளுக்கு என் ஓட்டு.

சங்கிலியை எடுக்கும்போது இப்படிச் செய்து பாருங்கள். நேராக நிற்காமல், கதவோடு ஒட்டினாற்போல் பக்கத்தில் நின்று, மரத்தின் பரப்பு தூரம் வரை ஓடும்படி சட்டகம் அமையுங்கள். முதல் வளையத்தில் குவியம் வைத்தால் மற்றவை மெல்ல மங்கிப் போகும். 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸில், கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள். ஒட்டிப் போனால் உங்கள் நிழலே விழும். எனாமல் பெயிண்ட் அடித்த கதவுகள் பளபளத்துத் தொல்லை தரும். அப்போது ஒரு எட்டுப் பக்கவாட்டில் நகர்ந்தால் பளபளப்பு பெரும்பாலும் போய்விடும். பெயிண்ட் உரிந்த இடங்களைப் பார்த்தால், ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கைந்து நிறம் இருக்கும். அதை மட்டுமே எடுத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுதைக் கழிக்கலாம்.

பிரெஞ்சுப் பக்கத்தில் கிட்டப் பார்க்க வேண்டியவை வேறு: சன்னலின் சாய்சட்டங்கள், அவற்றைத் திறந்து மாட்டும் இரும்புக் கொக்கி, இரும்புக் கிராதி, வாயில் தூணின் தலைப்பகுதி, பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய நீலத் தெருப் பலகை. சாய்சட்டங்களைச் சின்னத் திரையில் பார்க்கும்போது அலையலையாக ஒரு கோலம் தெரிந்தால் பதற வேண்டாம், பெரிதாக்கிப் பாருங்கள், பல நேரம் படத்தில் அது இருக்காது. ஆசிரமக் கட்டடங்கள் சாம்பலும் வெள்ளையுமாகத் தனித்துத் தெரியும். வெளியிலிருந்து தெருவோடு எடுங்கள், உள்ளே அனுமதியில்லாமல் காமிராவைத் தூக்க வேண்டாம். துணைநிலை ஆளுநர் மாளிகை, பிரெஞ்சுத் துணைத் தூதரகம் போன்ற இடங்களில் காவலர் கையைக் காட்டினால் மறுபேச்சில்லாமல் நகர்ந்துவிடுங்கள். தேவாலயக் கதவுகள் பெரிதும் அழகுமானவை. மிஷன் வீதியில் சம்பா கோயில், டுமாஸ் வீதியில் 1855-ல் கட்டிய கப்ஸ் கோயில். பூசை நேரம் மட்டும் தவிருங்கள்.

கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார்

திண்ணையில் யாராவது உட்கார்ந்திருந்தால் காமிராவை இறக்கிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். “அம்மா, உங்க வீட்டு நிலை ரொம்ப அழகா இருக்கு. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” இவ்வளவு போதும். பெரும்பாலும் “எடுத்துக்கோப்பா” என்பார்கள், கூடவே அது யார் காலத்துக் கதவு என்ற கதையும் வரும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்களின் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் கதை வியட்நாமின் சைகோன் வரை போகும். அவசரப்படாமல் கேளுங்கள். வேண்டாம் என்றால் “சரிங்கம்மா” என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் முறை. எதிர்ப்பக்கம் போய் ஜூம் போட்டு எடுப்பது திருட்டுத்தனம்.

கதவு திறந்திருந்தால் உள்ளே முற்றம், ஊஞ்சல், தூண் எல்லாம் தெரியும், ஆசையாகத்தான் இருக்கும். கேட்காமல் எடுக்காதீர்கள். கோலத்தை மிதிக்கக் கூடாது, அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மார்கழியில் அதுவே படத்தின் பாதி. திண்ணையில் ஏறச் சொன்னால் செருப்பைக் கழற்றுங்கள். முல்லா வீதிப் பக்கம் வாசலில் பெண்கள் இருக்கும் நேரத்தில் காமிராவை மூடிவைத்துவிட்டு, வீட்டு ஆண்களிடம் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. படத்தை விற்பதற்கோ விளம்பரத்துக்கோ எடுக்கிறீர்கள் என்றால் வீட்டுக்காரரிடம் அதைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை வரும்போது ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தீர்களானால் அந்தத் தெருவே உங்களுக்குத் திறந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கடற்கரைக் காற்றில் உப்பு அதிகம். லென்ஸைத் துடைக்காமல் அடுத்த நாள் எடுத்தால் எல்லாமே புகை மூட்டமாக வரும். மென்துணியால் துடைத்து வையுங்கள்.

திருத்த வேலையைச் சுருக்கமாக முடியுங்கள். கோணலை நேராக்குவது, வெளிச்சத்தைச் சமன்செய்வது, நிறத்தை நேரில் பார்த்தபடி கொண்டுவருவது, இத்தனைதான். புதுச்சேரி மஞ்சளை ஆரஞ்சாக்கும் பில்டர்கள் வேண்டவே வேண்டாம்.

ஆனால் பெயரிடுவதில் சோம்பல் கூடாது. வீடுகள் இங்கே இடிந்துகொண்டும் மாறிக்கொண்டும்தான் இருக்கின்றன. கடற்கரைச் சாலையில் நின்ற பழைய நகராட்சிக் கட்டடமான ‘மேரி’யே 2014 நவம்பர் மழையில் சரிந்தது. பழைய சாயலில் திரும்பக் கட்டி 2021-ல்தான் திறந்தார்கள். அப்படித் திரும்பக் கட்டுகிறவர்களுக்குப் பழைய படங்கள் தேவைப்படும், அதுவும் எது எங்கே எப்போது எடுத்தது என்று தெரிந்த படங்கள். அதனால் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தெரு, வரிசை, மாதம், வருடம் நான்கையும் சேருங்கள்: ‘வைசியாள் வீதி, தெற்கு வரிசை, நிலை மேல்கட்டை, ஜனவரி 2025’ என்பதுபோல. குடியிருக்கும் வீடுகளின் கதவு எண்ணைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், பொதுவில் போடும்போது தெருப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூலப் படத்தையும் திருத்திய படத்தையும் தனித்தனி கோப்புறையில் போட்டு, இன்னொரு பிரதியை வேறு வட்டில் வைத்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது.